செவ்வாய்ப்பேட்டை அப்பா ஒருவருக்கு: எந்த எடிட்டர், எப்படி டெஸ்ட்?

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் எட்டு எடிட்டர் பெயர்கள், அதாவது புரோகிராம் எழுத உதவும் சாஃப்ட்வேர்கள். சீனியர் அக்கா சொன்னது ஒன்று, லேப்டாப் கடையில் சொன்னது ஒன்று, மிச்சமெல்லாம் பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் போனில் சொன்னது. "இதில் எதை வாங்கணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அவசரமாகத்தான் பதில் சொன்னேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் பணம். எடிட்டருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை. நான் சொல்லப்போகும் இரண்டுமே இலவசம். கடையில் காட்டிய விலை உயர்ந்த லேப்டாப்பும் இப்போது தேவையில்லை. வீட்டில் இருக்கும் பழைய மெஷினே முதல் வருஷத்துக்குப் போதும்.

பாப்பா முதலில் தான்னி என்ற எடிட்டரைப் போட்டுக்கொள்ளட்டும். எஸ்தோனியா நாட்டில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவாக்கியது. பைத்தான் என்ற புரோகிராம் மொழியும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்து தடுமாற வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்தவள் என்பதால் மொழியும் புதிதில்லை. ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பக்கத்துக் கட்டத்தில் எந்த வேரியபிளில் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) என்ன மதிப்பு இருக்கிறது என்று மாறிக்கொண்டே வரும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் புரியாமல் அழுத பிள்ளைகள் அந்தக் கட்டத்தைப் பார்த்தே புரிந்துகொண்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து விஎஸ் கோடுக்கு மாறட்டும். 2015-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகளில் புழங்குவது. சீனியர் சொன்ன விம் நல்ல எடிட்டர்தான், ஆனால் அதில் கை பழகவே சில வாரம் போய்விடும். பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். கோபைலட் மாதிரி தானாகவே எழுதிக் கொடுக்கும் வசதியை மட்டும் முதல் ஆறு மாதம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். இதில் நான் கண்டிப்பு.

இன்டர்நெட்டில் திறக்கும் எடிட்டர் போதாதா என்று பாப்பா கேட்டாள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி என்னிடம் வரும் தம்பி ஒருவன் அப்படித்தான் ஆரம்பித்தான். மழை பிடித்தால் அவன் ஊரில் சிக்னல் போய்விடும், பாடமும் நின்றுவிடும். சொந்த மெஷினில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவனுக்கு நாள் தவறாமல் பழக முடிந்தது.

காலேஜ் லேபில் இன்னும் நீலத் திரை டர்போ சி++ தான் என்றாள் பாப்பா. சி++ மொழியில் எழுதுவதற்கான பழைய சாஃப்ட்வேர் அது. அது 1990-இல் வந்தது. சி++ மொழிக்கு உலகத் தரம் நிர்ணயித்ததே 1998-இல்தான். அதனால் அங்கே ஓடும் புரோகிராம் இன்றைய கம்பைலரில் (எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் சாஃப்ட்வேர்) அப்படியே ஓடாமல் போகலாம். லேப் மார்க்குக்கு அதில் எழுதட்டும், வீட்டில் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் பட்டறையில் கொலுசு வேலைக்கு வெள்ளியைக் கொடுக்கும்போது எடை போட்டுக் கொடுக்கிறீர்கள். சேதாரம் போக எவ்வளவு திரும்பி வரவேண்டும் என்று நோட்டில் முன்னாடியே எழுதிவிடுகிறீர்கள். வேலை முடிந்து வந்ததும் மறுபடி தராசில் வைத்து நோட்டோடு ஒப்பிடுகிறீர்கள். புரோகிராமில் டெஸ்ட் என்பது இதேதான். விடை என்ன வரவேண்டும் என்பதை ஓட்டுவதற்கு முன்பே எழுதி வைப்பது.

அன்றைக்கு என் மேஜையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எடைகளைக் கூட்டும் சின்ன ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு) ஒன்றை பாப்பா எழுதினாள். 1.1 கிராமும் 2.2 கிராமும் கூட்டினால் 3.3 வரவேண்டும் என்று ஒரு டெஸ்ட். ஓட்டினால் சிவப்பு, டெஸ்ட் தோற்றுவிட்டது! திரையில் வந்த விடை 3.3000000000000003. "அந்தக் கடைசி 3 எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று முதலில் கேட்டது நீங்கள்தான்.

கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதி முடிக்க முடியாத மாதிரி, 1.1-ஐ கம்ப்யூட்டரால் துல்லியமாக எழுத முடியாது. பாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு எல்லாவற்றையும் மில்லிகிராமாக மாற்றினாள். 1100, 2200, கூட்டினால் 3300. புள்ளியே இல்லை. டெஸ்ட் பச்சையானது. அந்த டெஸ்ட் இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தப்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பைத்தானில் இதற்கு பைடெஸ்ட் என்ற கருவி போதும். அதுவும் இலவசம். டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கும் ஃபைலையும் ஃபங்ஷனையும் அதுவே தேடிப்பிடித்து ஓட்டும். தோற்றால் வந்த விடையையும் வரவேண்டிய விடையையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மூன்று டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். சாதாரணக் கணக்கு ஒன்று, பட்டியலே காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒன்று, தப்பான எடை, உதாரணமாக மைனஸ் எண், வந்தால் என்ன ஆகும் என்று ஒன்று.

வேலைக்கும் இது நேராகவே உதவும். கேம்பஸ் தேர்வில் வரும் ஆன்லைன் கோடிங் பரீட்சையில், கண்ணுக்குக் காட்டாத டெஸ்ட்களை ஓட்டித்தான் பெரும்பாலும் மார்க் போடுகிறார்கள். கேள்வியில் கொடுத்த உதாரணத்துக்குச் சரியாக ஓடுகிறது என்று சமர்ப்பித்துவிட்டு, காலிப் பட்டியலில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். படிப்பு இருந்தும் அந்தப் பழக்கம் இல்லாததால் போகிற மார்க் அது.

பாப்பா கெட்டிக்காரி. பயப்படாதீர்கள். அடுத்த மாதம் வரும்போது பட்டறைக் கணக்கு நோட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். ஒரு வாரத்து வரவு, பற்று, சேதாரம் முழுவதையும் அவள் டெஸ்டாக எழுதட்டும். விடை சரியா என்று நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.