அந்த நாற்பது கட்டில்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்தவன். வருகிற டிசம்பர் விடுமுறையில் எங்கள் வாலிபர் ஐக்கியம் கம்போடியாவுக்கு, சியெம் ரீப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, ஊழியப் பயணம் போகிறது. அங்குள்ள சிறுவர் இல்லத்துக்கு நாற்பது கட்டில் போடுகிற அளவில் புதுக் கட்டடம். ஒரு வாரம் செங்கல் சுமப்பது, பெயின்ட் அடிப்பது, சாயங்காலம் பிள்ளைகளோடு பாட்டு, விளையாட்டு. பதினேழு வயதான என் மகளும் பெயர் கொடுத்திருக்கிறாள். போன வருடத்து வீடியோவில், வேன் நின்றதுமே பிள்ளைகள் ஓடிவந்து எங்கள் ஆட்களைக் கட்டிக்கொள்கிறார்கள். பார்த்து அழுதுவிட்டேன். அலுவலக நண்பரோ, “விமானச் செலவை அனுப்பினாலே அந்த ஊர்க் கொத்தனார் கட்டிவிடுவாரே” என்கிறார். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே சுத்தமான பக்தி என்று வேதாகமத்தில் யாக்கோபு எழுதவில்லையா? மகளை அனுப்பலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் கேட்பது நியாயம்தான், ஆனால் சின்ன விஷயம். உங்கள் மகள் கட்டுகிற சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காது. கொத்தனார் சரிசெய்துகொள்வார், அவளுக்கும் சித்தாள் வேலை என்றால் என்னவென்று தெரிந்துவிடும். எனக்குள்ள கேள்வி வேறு. அந்த நாற்பது கட்டிலுக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வரப்போகிறார்கள்?

கம்போடியாவில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட போல் போட் ஆட்சி 1979இல் முடிந்தது. அதில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். ஆனால் அங்கே சிறுவர் இல்லங்கள் பெருகியது நாடு அமைதியாகி, அங்கோர் வாட் பார்க்கக் கூட்டம் குவியத் தொடங்கிய பிறகுதான். 2005க்கும் 2010க்கும் நடுவில் மட்டும் அவை 75 சதவீதம் கூடின. அங்கிருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்கிறது யுனிசெஃப்.

அந்தப் பெற்றோரைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் வந்து, மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடம், கூடவே ஆங்கிலமும் என்கிறார். கடனில் இருக்கிற அம்மா பிள்ளையின் நல்லதுக்கென்றுதான் அனுப்புகிறாள். திருநெல்வேலிப் பக்கம் மிஷன் போர்டிங்கில் படித்தவர்கள் உங்கள் உறவிலேயே இருப்பார்கள். லீவு விட்டால் டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களை யாரும் அநாதை என்று வெளிநாட்டு விருந்தினர் முன் நிறுத்திப் பாடச் சொல்லவில்லை.

இதில் மோசடிப் பேர்வழிகளும் உண்டு. அவர்களை விடுங்கள். நேர்மையான நிர்வாகி ஒருவரையே எடுத்துக்கொள்வோம். கட்டடம் எழும்பிவிட்டது. அடுத்த டிசம்பரில் பணம் கொடுத்த சபை வந்து பார்க்கும். பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தால் என்ன சொல்வார்? பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் காணிக்கை குறையும், இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் கூடும். எவ்வளவு நல்ல மனிதரானாலும் இந்தக் கணக்குக்குள் மாட்டிக்கொள்வார்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மூன்று வயசுக் குழந்தை, முன்பின் தெரியாத ஆள் வந்தால் என்ன செய்யும்? அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து ஒரு கண்ணால் எட்டிப் பார்க்கும். வேனிலிருந்து இறங்கிய முதல் ஆளின் கழுத்தைக் கட்டிக்கொள்கிற குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது எத்தனை பேரைக் கட்டிக்கொண்டு, எத்தனை பேருக்குக் கையசைத்திருக்குமோ! உங்கள் மகளும் எட்டாம் நாள் கையசைப்பாள். திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901இலிருந்து பிள்ளைகளைச் சேர்த்தார், 1951இல் அங்கேயே கண்ணை மூடினார். நடுவில் ஒரு முறைகூட விடுப்பில் தாய்நாட்டுக்குப் போகவில்லை. அவரைக் காட்டி ஒரு வார ஊழியத்தை நியாயப்படுத்த முடியாது.

யாக்கோபு திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளையும் சேர்த்தே சொல்கிறார். நம் சபைகள் அந்த வசனத்தின் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன. பிள்ளைக்கு இல்லம் கட்டிவிட்டு, அதே கிராமத்தில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருக்கிற அம்மாவை விட்டுவிட்டு வருகிறோம்.

கிளம்புவதற்குள் உங்கள் போதகர் அந்த இல்லத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறாள், போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் திரும்ப என்ன தடை என்று கேட்கட்டும். மறைக்கிற விஷயமில்லை, இல்லப் பிள்ளைகளில் 30 சதவீதம் பேரைக் குடும்பத்தோடு சேர்ப்பதாகக் கம்போடிய அரசே 2016இல் திட்டம் போட்டது. நிஜமாகவே யாருமில்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பாட்டி, சித்தி, வளர்க்க முன்வருகிற ஒரு வீடு என்று தேடிப் பார்த்த பிறகுதான் இல்லம்.

செங்கல் தூக்கியே ஆக வேண்டும் என்று உங்கள் வாலிபர்கள் நின்றால், குடும்பங்களுக்கு வீடு கட்டுகிறவர்களோடு போகட்டும். 1976இல் அமெரிக்காவில் கிறிஸ்தவத் தம்பதியர் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி கம்போடியாவிலும் வேலை செய்கிறது. அங்கே வீட்டுக்காரக் குடும்பமும் கூட நின்று மண் சுமக்கும். சாயங்காலப் பாட்டு இருக்காது. அதற்கும் சம்மதமென்றால் மகளைத் தாராளமாக அனுப்புங்கள்.