விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் போனை அணைக்க வேண்டுமா?

குன்னூரிலிருந்து கோவை வந்து முதல்முறையாக விமானம் ஏறப்போகும் உங்கள் அம்மா போனை அணைத்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன் டவரைத் தேடாமல் நிறுத்தும் ஃபிளைட் மோடில் போட்டால் போதும். இந்தியாவில் 2014 முதலே இதற்கு அனுமதி உண்டு.

பர்லியார் மலைப்பாதையில் டவர் சரியாகக் கிடைக்காதபோது சார்ஜ் மளமளவென்று இறங்குமே, கவனித்திருப்பீர்கள். எட்டத்து டவரைப் பிடிக்கப் போன் தன் அலையை முழு வலுவோடு வீசுகிறது. ஃபிளைட் மோடில் போடாவிட்டால் விமானத்திலும் இதேதான் நடக்கும். அந்த அலை விமானியின் ஹெட்செட்டில் 'டிர்ர்' என்று இரையலாம். விமானம் இதனால் விழுந்துவிடாது. ஆனால் தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் ஒரு எண்கூடத் தவறக்கூடாது.

கிளம்பும்போதும் இறங்கும்போதும் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாக வேண்டும், எடைதான் காரணம். திடீர் பிரேக்கில் பறந்து யார் மண்டையிலாவது மோதும்.

அப்புறம், இயர்போனைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். அவசரத்தில் பணிப்பெண் போடும் சத்தம் அம்மா காதில் விழ வேண்டும்.