பரிசு விழுந்ததாகப் போன் வந்தால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சி மட்டும் இருக்கிறார். டி.வி. நிகழ்ச்சிக் குலுக்கலில் அவர் நம்பருக்கு 25 லட்சம் விழுந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழும் வாய்ஸ் மெசேஜும் வந்திருக்கின்றன. வரியாக முதலில் 12,500 ரூபாய் கட்ட வேண்டுமாம். பொய் என்று சொன்னால், "அரசு முத்திரையே இருக்கிறதே" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முத்திரையை வைத்து வாதாட வேண்டாம். வரிக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். வரவு செலவு பார்த்துப் பழகியவருக்கு அது சட்டென்று பிடிபடும்.

லாட்டரிப் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால், தருகிறவரே அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். 25 லட்சம் உண்மையாக இருந்தால் ஏழரை லட்சம் பிடித்தம் போக, பதினேழரை லட்சம் கணக்கில் ஏறும். ஜெயித்தவர் தன் கையிலிருந்து முன்கூட்டியே கட்ட ஒன்றுமே இல்லை. 12,500 என்பது 25 லட்சத்தில் அரை சதவீதம்தான். லாட்டரிப் பரிசுக்கு அப்படி ஒரு வரி விகிதமே கிடையாது.

முதலில் சின்னத் தொகை கேட்பதும் காரணத்தோடுதான். யாரையும் கலந்துகொள்ளாமல் கொடுத்துவிடக்கூடிய அளவாக அது இருக்கும். கட்டிய பிறகு ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கி அனுமதி, செக் பாஸ் ஆகக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். போட்ட பணம் வீணாகக் கூடாதே என்று அடுத்ததையும் கட்டச் சொல்லும் மனசு. பலர் லட்சக்கணக்கில் இழப்பது இந்த இடத்தில்தான்.

இன்னும் இரண்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். அழைத்த எண்ணின் முன்னால் +92 இருந்தால் அது பாகிஸ்தான் எண். இந்திய எண்ணுக்கு +91. (+91 என்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது.) அடுத்தது, பணம் போடச் சொன்ன கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. யு.பி.ஐ.யில் எண்ணைப் போட்டதும் பெறுநர் பெயர் திரையில் வரும். வரித்துறையின் பணம் ஏதோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகாது. அது பெரும்பாலும் கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்கு.

"யாரிடமும் சொல்லாதீர்கள், பரிசு ரத்தாகிவிடும்" என்றும் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். அதனால் அப்பச்சியைக் கடிந்துகொள்ளாதீர்கள். இப்போது திட்டினால், அடுத்த போன் வரும்போது உங்களிடம் சொல்ல மாட்டார்.

கேள்வி: ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து கேரளா லாட்டரிச் சீட்டுக்கு ஆன்லைனில் பணம் கட்டினேன். சீட்டின் போட்டோ வந்தது. இப்போது பரிசு விழுந்திருக்கிறதாம், ப்ராசசிங் ஃபீஸ் கேட்கிறார்கள். கேரளா லாட்டரி அரசு நடத்துவதுதானே? (தேவகோட்டை வாசகர்)

பதில்: லாட்டரி அரசுடையதுதான், 1967-லிருந்து நடக்கிறது. உங்களுக்கு விற்றவர்தான் போலி. கேரள அரசு காகிதச் சீட்டு மட்டுமே விற்கிறது. ஆன்லைன் விற்பனை கிடையாது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரி விற்பனையே தடை.

பரிசு வாங்க அசல் சீட்டு கையில் இருக்க வேண்டும், பின்புறம் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். குலுக்கல் முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 5,000 ரூபாய் வரை லாட்டரிக் கடையிலேயே தருவார்கள். ஒரு லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகத்தில். அதற்கு மேல் என்றால் திருவனந்தபுரம் இயக்குநரகம், அல்லது வங்கி வழியாக. போட்டோவை வைத்துக்கொண்டு இதில் ஒரு படியும் ஏற முடியாது. ஒரே சீட்டின் போட்டோவை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், எண்ணையும் மாற்றலாம். இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: மலேசியாவிலிருந்து தபாலில் சுரண்டிப் பார்க்கும் பரிசுக் கார்டு (ஸ்கிராட்ச் கார்டு) வந்தது. எங்களுக்கு அங்கே உறவுக்காரர்கள் இருப்பதால் உண்மையாக இருக்குமோ என்று தோன்றுகிறது. (கோட்டையூர் வாசகி)

பதில்: செட்டிநாட்டில் மலேசிய முத்திரை குத்திய தபாலைச் சந்தேகப்படத் தோன்றாதுதான். ஆனால் வெளிநாட்டு லாட்டரியில் சேர இங்கிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. எந்தப் பெயரில் கட்டணம் கேட்டாலும் கட்டாதீர்கள். கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யவும் வேண்டாம்.

கேள்வி: பரிசுப் பணம் வர கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து யு.பி.ஐ. பின் (ரகசிய எண்) போடச் சொன்னார்கள். என் மனைவி போட்டுவிட்டார். நேற்று மூன்று தடவையில் 38,000 போய்விட்டது. ஊரில் தெரிந்தால் அவமானம் என்று அழுகிறார். புகார் கொடுத்தால் பணம் கிடைக்குமா? (புதுவயல் வாசகர்)

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். இரவிலும் எடுப்பார்கள். போன பணம் ஒரே கணக்கில் தங்காது. இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு மாறி, கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிடும். அதற்குமுன் தகவல் போனால் வங்கிகள் அந்தந்தக் கணக்கில் இருக்கும் தொகையை முடக்கும். முழுசாகக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத்தான் லாபம்.

மூன்று பரிவர்த்தனைக்கும் தனித்தனியாக நேரம், தொகை, 12 இலக்க யு.டி.ஆர். எண் (பரிவர்த்தனை எண்) மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். யு.டி.ஆர். எண் யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இருக்கும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, ஒப்புகை எண்ணோடு வங்கிக் கிளையில் எழுத்துமூலம் கொடுங்கள், தேதி போட்டு ரசீது வாங்குங்கள். நாமே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. வங்கிக்குச் சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், சிவகங்கை மாவட்ட சைபர் கிரைம் போலீஸாருக்கு அதுதான் ஆதாரம்.

ஏதாவது செயலியை இறக்கச் சொல்லியிருந்தால் முதலில் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு அதை நீக்குங்கள். வேறு போனிலிருந்து வங்கி பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆதார் படம் அனுப்பியிருந்தால் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) பூட்டிவிடுங்கள்.

உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள்: பணம் வாங்க பின் தேவையே இல்லை, பணம் வரும் என்று சொல்லிப் பின் கேட்கும் திரை வந்தாலே நம் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். படித்தவர்களும் இந்த இடத்தில் தவறுகிறார்கள். சில நாளில் வக்கீல் என்றோ சைபர் போலீஸ் என்றோ ஒருவர் பேசி, 2,000 கட்டினால் மீட்டுத் தருகிறோம் என்பார். உங்கள் எண் முதலில் ஏமாற்றிய கும்பலிடமிருந்து இவர்களுக்குப் போயிருக்கும். போலீஸ் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.