லேபிள் இல்லாத நீல டிரம்: ஸ்டோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தீபாவளிப் பலகார ஆர்டரில் மூழ்கியிருப்பவர்களுடையவை. ஆர்டர் ஏறினால்தான் பலருக்குத் தொழிற்சாலை ஸ்டோர், அதாவது சரக்கு அறை, ஞாபகமே வருகிறது. வழக்கம்போல் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்றுதான் 20 வருஷமாக நடத்துகிறோம். புது சாஃப்ட்வேர் காலாவதித் தேதியைப் பார்த்து எடுக்கச் சொல்கிறது. எதை வைத்துக்கொள்வது? — பட்டர்வொர்த்

காலாவதித் தேதியை. செவ்வாய்க்கிழமை லோரியில் மார்ச்சில் முடியும் மாவு வந்திருக்கும், வியாழக்கிழமை லோரியில் பிப்ரவரியில் முடியும் மாவு வரும். சப்ளையர் தன் ஸ்டோரின் பின்வரிசையைக் காலி செய்கிற வாரம் அது. வந்த வரிசையில் எடுத்தால் பிப்ரவரி மாவு உங்கள் தலையில் விடியும். ஆனால் ஒன்று: தேதியைச் சரக்கு இறங்கும்போதே பதிய வேண்டும். அப்புறம் பதிவோம் என்றால் பழைய முறையே தேவலை.

எக்செலில் பார்கோடு எண்ணை ஒட்டினால் 9.55ஈ+12 என்று மாறிவிடுகிறது. வைரஸா? — சுங்கை பாக்காப்

வைரஸ் இல்லை. நீளமான எண்ணைப் பார்த்தால் எக்செல் இப்படித்தான் சுருக்கும். அந்தக் கட்ட வரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு ஒட்டுங்கள். மலேசியாவில் பதிவான 955-இல் தொடங்கும் 13 இலக்க எண்ணை இப்படிச் சுருங்கிய பிறகும் மீட்கலாம். பேலட், அதாவது பெட்டிகளை அடுக்கும் பலகை, அதன் லேபிளில் வரும் 18 இலக்க எண்ணை மீட்க முடியாது. 15 இலக்கத்துக்குப் பின் எல்லாவற்றையும் எக்செல் பூஜ்யமாக்கிவிடும். சேமித்து மூடினால் போனது போனதுதான். பேலட் கணக்கை எக்செலில் வைக்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் நான் சொல்வது இது எத்தனையாவது தடவையோ.

மிளகாய்த்தூள் பாக்கெட்டில் பார்கோடை அழகாகச் சிவப்பில் அச்சடித்தோம். எந்தக் கடையிலும் ஸ்கேன் ஆகவில்லை. — செந்தூல்

ஸ்கேனரின் வெளிச்சமே சிவப்பு. சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். கறுப்பிலோ கருநீலத்திலோ அச்சடியுங்கள்.

எங்கள் ஸ்டாக் சரியாக வருவதில்லை. என்ன செய்யலாம்? — கோலாலம்பூர்

இது மட்டும்தான் கடிதம். என்ன பொருள், எவ்வளவு வித்தியாசம், கூடுகிறதா குறைகிறதா, ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

சரி, ஊகத்தில் ஒன்று சொல்கிறேன். சமையல் எண்ணெயைப் பாருங்கள். டின்னில் 17 கிலோ என்று இருக்கும். வாங்குகிறவர் டின்னில் எழுதுவார், சமையல்காரர் லிட்டரில் எழுதுவார், நடுவில் யாரோ ஒரு மகராசன் 17 கிலோவை 17 லிட்டர் என்று பதிந்துவைத்திருப்பார். பாமாயில் தண்ணீரைவிட லேசானது. 17 கிலோ என்றால் 18.5 லிட்டருக்கு மேலேயே வரும். 500 டின் ஓடினால் ஏறக்குறைய 800 லிட்டர் வித்தியாசம். யாரும் திருடவில்லை, பெருக்கல்தான் தப்பு. எண்ணெய் இல்லையென்றால் தேங்காய்ப்பால், அதுவும் இல்லையென்றால் சீனிப்பாகு. ஒரு டின்னுக்கு எத்தனை லிட்டர் என்கிற பெருக்கல் எண்ணைக் கணினியில் ஒரே ஒருவர் மட்டும் மாற்றும்படி பூட்டிவையுங்கள். அடுத்த முறை எழுதும்போது எண்களோடு எழுதுங்கள்.

கோல்டு ரூமில் ஸ்கேனர் கண்ணாடி பனித்துப்போகிறது, லேபிள் உதிர்கிறது. — பிறை

கண்ணாடி பனிப்பது உள்ளே அல்ல, வெளியே வரும்போது. மைனஸ் 18-இல் கிடந்த கருவி நம் பினாங்குப் புழுக்கத்தில் தலைநீட்டினால் வேர்க்காமல் என்ன செய்யும்? உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். லேபிளைப் பொறுத்தவரை, குளிரறைப் பசை உள்ளதை வாங்கி, பெட்டி உறைவதற்கு முன்பே ஒட்டுங்கள். ஈரப் பெட்டியின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

பேட்ச் (ஒரே தடவையில் கலந்து செய்த சரக்கு) எண்ணும் காலாவதியும் சேர்ந்த பார்கோடு போட்டோம். சூப்பர்மார்க்கெட் கிடங்கு திருப்பி அனுப்பிவிட்டது. — ஷா ஆலம்

நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகளுக்குள் 10241717260331 என்று இருக்கிறது. 10 என்றால் பேட்ச், 2417 உங்கள் பேட்ச் எண், 17 என்றால் காலாவதி, 260331 என்றால் 2026 மார்ச் 31. நமக்குப் புரிகிறது, ஸ்கேனருக்குப் புரியாது. பேட்ச் எண் 20 எழுத்துவரை நீளலாம் என்பது விதி. அது எங்கே முடிகிறது என்று சொல்ல நீங்கள் ஒன்றுமே வைக்கவில்லை. ஆகவே அது 241717260331 முழுவதையும் பேட்ச் எண்ணாக விழுங்கிவிட்டது. இடையில் பிரிப்புக் குறி வையுங்கள். அதைவிடச் சுலபம், நீளம் மாறாத காலாவதியை முன்னால் போட்டு, பேட்சைக் கடைசியில் போடுவது. அடைப்புக்குறிகளைக் கோட்டுக்குள் போடாதீர்கள், அவை கண்ணால் படிப்பவருக்காகக் கீழே அச்சடிப்பவை.

ரீகால் (விற்ற சரக்கைத் திரும்பப் பெறுவது) ஒத்திகை நடத்தினோம். ஒரு மூட்டை மாவின் லாட் எண்ணை (சேர்ந்து வந்த சரக்குக்கு இடும் எண்) கொடுத்துத் தேடினால் கணினி 60-க்கும் மேற்பட்ட பேட்ச்களைக் காட்டுகிறது. அந்த மூட்டை போனது இரண்டே பேட்சுக்கு. சாஃப்ட்வேர்க்காரர் "சிஸ்டம் சரி" என்கிறார். யாரை நம்புவது? — பிஸ்கட் தொழிற்சாலை, புக்கிட் மெர்தாஜாம்

சாஃப்ட்வேர்க்காரரை.

நீங்கள் இணைத்த அறிக்கையில் மூன்றாவது வரியைப் பாருங்கள்: "தூள், லாட் 0001". உடைந்த பிஸ்கட்டை அரைத்து அடுத்த மாவில் கலக்கிறீர்கள். கலக்கட்டும், எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்தத் தூளுக்கு வருஷம் முழுக்க ஒரே லாட் எண். ஒவ்வொரு பேட்சும் 0001-க்குள் போடுகிறது, ஒவ்வொரு பேட்சும் 0001-இலிருந்து எடுக்கிறது. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். கணினி பொய் சொல்லவில்லை.

300 கிலோ பேட்சில் 5 விழுக்காடு, அதாவது 15 கிலோ தூள் அடுத்த பேட்சுக்குப் போகிறது என்று வையுங்கள். அதற்கடுத்ததில் முதல் பேட்சின் பங்கு முக்கால் கிலோ, பிறகு 37 கிராம் சொச்சம், பிறகு 2 கிராம். குறையுமே தவிர இல்லாமல் போகாது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தச் சொச்சமே அதிகம். கம்பித் துண்டாக இருந்தால் அதுவும் கிடையாது: அது கரையாது, ஏதோ ஒரு பேட்சில் முழுசாக உட்கார்ந்திருக்கும், எதில் என்றுதான் தெரியாது.

எனக்கு இதில் பழைய காயம் உண்டு. நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த தொழிற்சாலையில் மிக்ஸர் பக்கத்தில் மூடியில்லாத ஒரு நீல டிரம் நிற்கும். லேபிள் கிடையாது. அது யாருடையது என்று கேட்டால் "தூள்" என்பார்கள், அவ்வளவுதான் பதில். ஒரு நாள் சல்லடைக் கம்பி அறுந்துபோயிருந்ததைப் பார்த்தோம். எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. மாவு மூட்டைக்குப் பதிவு இருந்தது, சீனிக்கு இருந்தது, டிரம்முக்கு இல்லை. கடைசியில் கைகொடுத்தது கழுவுகிற பையன் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிவைத்த தேதி. டிரம் கடைசியாகக் கழுவப்பட்டது 11 நாளுக்கு முன். ஆக 11 நாள் சரக்கும் திரும்பி வந்தது. அலோர் ஸ்டாரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்த லோரிகளை இறக்கி, இரவு இரண்டு மணிவரை அட்டைப்பெட்டி எண்ணினோம். கிடைத்த கம்பி என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

ஆகையால்: தூளுக்கு ஒவ்வொரு அரைப்புக்கும் தனி லாட் எண். எந்தெந்த பேட்சின் உடைசல் என்று அதிலேயே பதிவு. எடை போடுகிற இடத்திலேயே ஸ்கேன், ஸ்கேன் ஆகாமல் மிக்ஸருக்குப் போகக் கூடாது. கடலை பிஸ்கட் தூள் கடலை பிஸ்கட்டுக்கு மட்டும். வாரக் கடைசியில் டிரம்மைக் காலி செய்து கழுவி, மிச்சத்தைக் கழித்துக் கட்டிவிடுங்கள். திங்கட்கிழமை வெறும் டிரம்மோடு தொடங்கட்டும். அப்போது தூளால் எந்த ரீகாலும் அந்த வாரத்தைத் தாண்டாது. முதலாளி "15 கிலோவைக் குப்பையில் கொட்டுவதா" என்பார். 11 நாள் கதையைச் சொல்லுங்கள்.

2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, சரக்கு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்கின்றன. தூளும் மூலப்பொருள்தான்.

ஹலால் ஆடிட்டில் ஒரு வாசனைப்பொருளின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். ஃபைலில் யாரும் கவனிக்கவில்லை. — பாயான் லெப்பாஸ்

ஃபைலை யார் திறந்து பார்ப்பார்? சப்ளையரின் சான்றிதழ் முடியும் தேதியைப் பொருளோடு சேர்த்தே கணினியில் ஏற்றுங்கள். 60 நாளுக்கு முன் எச்சரிக்கை, முடிந்த நாளிலிருந்து சரக்கு வரவுக்குத் தடை. லோரி வாசலில் நிற்கும்போது தடை விழுந்தால் வாங்கும் பிரிவு தானாகவே ஓடிவரும்.

தீபாவளிக்கு முன் ஸ்டாக் டேக் எடுக்கத் தொழிற்சாலையை ஒரு நாள் நிறுத்த வேண்டுமா? — செபராங் ஜெயா

வேண்டாம். தினம் ஒரு வரிசையை மட்டும் நிறுத்தி எண்ணுங்கள், விலை கூடியதை அடிக்கடி, உப்பை எப்போதாவது. எண்ணுகிறவர் கையில் கொடுக்கும் தாளில் கணினியின் இருப்பு எண் இருக்கவே கூடாது. இருந்தால் அவர் எண்ண மாட்டார், காப்பியடிப்பார்.

இரவு ஷிப்டில் தாளில் எழுதிவைத்து, காலையில் கிளார்க் கணினியில் ஏற்றினால் போதாதா? — பிறை

போதாது. அவர் காலை 9 மணிக்கு மைலோ குடித்துவிட்டு உட்காருவதற்குள் இரவில் எடுத்த மாவு பிஸ்கட்டாகி, பெட்டியாகி, தைப்பிங்கைத் தாண்டியிருக்கும்.