புரிந்த பாடம் ஏன் நினைவில் நிற்பதில்லை?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். வகுப்பில் கேட்டால் எல்லாம் புரிந்தது என்கிறார்கள். சில வாரங்கள் கழித்து அதையே கேட்டால் விழிக்கிறார்கள். அறிவாற்றல் உளவியல் ஆய்வுகள் இதற்கு வழி ஏதும் சொல்கின்றனவா?

பதில்: உங்கள் மாணவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் விளக்கும்போது அவர்களுக்கு உண்மையாகவே புரிகிறது. ஆனால், பிறர் விளக்கக் கேட்டுப் புரிந்துகொள்வது வேறு, ஏட்டை மூடிவைத்துவிட்டுத் தாமே எடுத்துச் சொல்வது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. வகுப்பில் அதற்குப் பயிற்சி கிடைப்பது அரிது.

உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் அதை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு, எழுதியவர்களிடம் 61. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே என்பதுதான் இதில் ஆசிரியர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி.

ஆகவே, வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கென ஒதுக்குங்கள். குறிப்பேடுகளை மூடச் சொல்லி, சென்ற வகுப்பிலிருந்து ஒரு கேள்வியும், பாதி மறந்திருக்கக்கூடிய பழைய பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் கேட்டு, விடையைத் தாளில் எழுதச் செய்யுங்கள். மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘திட்ட விலக்கம் என்றால் என்ன?’ என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். ‘இரு வகுப்புகளின் சராசரி மதிப்பெண் ஒன்றே, ஆனால் ஒன்றின் திட்ட விலக்கம் மற்றதைப் போல் இரு மடங்கு. எந்த வகுப்பில் மிகப் பின்தங்கிய மாணவர்களை எதிர்பார்ப்பீர்கள், ஏன்?’ என்று கேட்டால் யோசித்துத்தான் எழுத வேண்டும். மதிப்பெண் போடத் தேவையில்லை. ஆனால் சரியான விடையை அப்போதே விளக்கிவிட வேண்டும், இல்லையேல் தவறான விடையே மனத்தில் தங்கிவிடக்கூடும். இதற்காக விரிவுரையில் ஒரு பகுதியைக் குறைக்க நேர்ந்தாலும் தயங்காதீர்கள் என்பேன்.

தொடக்கத்தில் மாணவர்கள் முணுமுணுக்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தாமே முயன்று கணக்குகளைத் தீர்த்த மாணவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். எனவே, இப்படிக் கற்பிப்பதன் காரணத்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என மாணவர்களைப் பிரித்துப் பாடம் நடத்தலாமா?

பதில்: வேண்டாம். ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அத்தகைய பிரிவினையால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. எப்படிக் கற்பிப்பது என்பதைப் பாடப்பொருளை வைத்தே முடிவு செய்யுங்கள்: உடற்கூறியல் என்றால் எல்லா மாணவர்களுக்கும் படம் வேண்டும், அயல்மொழி உச்சரிப்பு என்றால் எல்லாரும் காதால் கேட்டே ஆக வேண்டும்.