தானா ராத்தாவில் பருப்பு ஏன் வேகவில்லை?

தம்பி, தேயிலைத் தோட்ட வேலைக்கு மலேசியாவின் தானா ராத்தா வந்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு மணி நேரம் கொதித்தும் துவரம்பருப்பு மசியவில்லை, கோளாறு தண்ணீரிலா கேஸிலா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. இந்த மலையின் உயரம்தான் காரணம்.

நான் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து 19 வருடம் ஆகிறது. முதல் வருடம் பழைய பருப்பைத் தருகிறார்கள் என்று நினைத்துக் கடை கடையாக மாறினேன். கேமரன் மலையில் இருக்கும் இந்த தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னதாகவே ஆவியாகக் கிளம்பிவிடும். பட்டுக்கோட்டையில் 100 டிகிரியில் கொதித்த தண்ணீர் இங்கே சுமார் 95-லேயே கொதிக்கிறது. பருப்புக்கு அந்தச் சூடு போதவில்லை.

அடுப்பைக் கூட்டியும் பார்த்திருப்பீர்கள். கொதி வந்த பிறகு எவ்வளவு எரித்தாலும் சூடு ஒரு டிகிரி ஏறாது, எல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 420 கிலோஜூல் வெப்பம் போதும். அதை முழுக்க ஆவியாக்க இன்னும் 2,260 வேண்டும். உங்கள் கேஸ் தீர்வது அங்கேதான்.

அதனால் குக்கர்தான் வழி. அடைபட்ட ஆவி அழுத்தத்தை ஏற்றும், உள்ளே தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டும். பருப்பை இரவே ஊறவைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் விசில் அடங்கியதும் மூடியை வலிந்து திறக்காதீர்கள், தம்பி. அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் அவ்வளவு சூட்டிலும் உள்ளே தண்ணீராக இருக்கிறது. மூடி விலகினால் அதில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகிச் சீறும். அந்த ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது, ஆவியாக வாங்கிய வெப்பத்தை எல்லாம் அங்கேயே இறக்கிவிடும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பெண்ணுக்கு முழங்கை வரை வெந்துபோனது. நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். இன்றும் குக்கரைத் திறக்கும்போதெல்லாம் அவள் கைதான் கண்முன் வரும்.

அப்புறம், தேங்காய் எண்ணெய் கட்டிக் கிடக்கிறது, கலப்படமா என்றும் கேட்டீர்கள். பயப்பட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும், ஊரில் மார்கழியில் பார்த்திருப்பீர்களே. பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

என்னிடம் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று சும்மா கிடக்கிறது. ரப்பர் வளையம் மட்டும் புதிதாகப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.