குருமனையில் வாழும் ஆயருக்கு கோல்ஃப் செலவுதான் பாரமா?

கேள்வி: குன்னூருக்கு அருகில் ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டம்) ஆயராகப் பணியாற்றுகிறேன். வயது 48, இன்னும் 12 ஆண்டுகளில் ஓய்வு. பிடித்தம் போக மாதம் ரூ.38,000 கைக்கு வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அவருடைய சம்பளம் ரூ.22,000. ஆயருக்குச் சபை தரும் வீடான குருமனையில் குடியிருப்பதால் வாடகை இல்லை. மகள் நர்சிங் படிக்கப் போகிறாள். மகன் எட்டாம் வகுப்பு. திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் பழக்கிவிட்டதில், நான்கு ஆண்டுகளாக அன்று காலை வெலிங்டனில் கோல்ஃப் ஆடுகிறேன். மாதம் ரூ.3,500 ஆகிறது. ‘ஆயருக்கு எதற்குப் பணக்காரர் ஆட்டம்’ என்று சேகரக் கமிட்டியில் ஒருவர் கேட்டதிலிருந்து மனம் உறுத்துகிறது. இதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை எஸ்.ஐ.பி.யில் (மாதந்தோறும் மியூச்சுவல் ஃபண்டில் முதலீடு செய்யும் முறை) போடலாமா? கோவையில் ரூ.45 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம், ரூ.35 லட்சம் கடன் வாங்கலாமா? சொந்த ஊரான தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில், காலமான அப்பா பெயரில் 8 சென்ட் மனை இருக்கிறது. அம்மா என் தங்கையோடு இருக்கிறார். கையிருப்பு: ரூ.6 லட்சம் எஃப்.டி.; ஆண்டுக்கு ரூ.48,000 பிரீமியத்தில் இரண்டு எண்டோமென்ட் பாலிசிகள் (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு), இரண்டும் 5 ஆண்டுகளில் முதிர்வடையும், போனஸோடு ரூ.15 லட்சம் வரக்கூடும். நகைக்கடைச் சீட்டு மாதம் ரூ.3,000. குருமனைக் கதவைத் தட்டுகிறவர்களுக்கு மாதம் ரூ.4,000 போலக் கொடுக்கிறேன். சேகர வேலைக்கான பெட்ரோலும் போனும் ரூ.2,000. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. கிளப் உறுப்பினர் கட்டணத்தைத் தானே கட்டுவதாக ஒரு சபையார் சொல்கிறார், ஏற்கலாமா?

பதில்: மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் கேட்ட வரிசையிலேயே கோல்ஃபிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தச் செலவு அன்று. ‘வாடகை இல்லை’ என்று நீங்கள் நிம்மதியாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான்.

மாதம் ரூ.3,500 வீதம் 12 ஆண்டுகள் முதலீடு செய்து, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ச்சி கிடைத்தால், முடிவில் சுமார் ரூ.9.67 லட்சம் சேரும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அதன் இன்றைய மதிப்பு ரூ.4.8 லட்சம்தான். சிறிய தொகை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது உங்களுக்கு ஒரு வீட்டைக் கட்டித் தராது. சனிக்கிழமை இரவு பிரசங்கத் தயாரிப்பு, ஞாயிறு ஆராதனைகள், இடையிடையே அடக்க ஆராதனையும் ஆஸ்பத்திரிச் சந்திப்பும் என்று ஓடுகிற ஒருவருக்கு, போன் அடிக்காத மூன்று மணி நேரம் திங்கட்கிழமை காலையில் மட்டும்தான் கிடைக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு மலைச் சரிவில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மருந்துக்கு இணையான காரியம். ஆகவே நிறுத்த வேண்டாம். 18 குழிகளுக்குப் பதிலாக ஒன்பதோடு முடித்து, பழைய மட்டைகளையே வைத்துக்கொண்டு, செலவை ரூ.2,500-க்குள் அடக்குங்கள். கமிட்டியில் கேட்டவரிடம், அது உங்கள் சம்பளத்திலிருந்து நீங்கள் செய்யும் செலவு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அப்படித் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டுமானால், உறுப்பினர் கட்டணத்தை வேறொருவர் கட்டக்கூடாது. உறவினரல்லாதவரிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்பு ரூ.50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கருதப்படும். புதிய வரிமுறையில் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், உங்களுக்கு வரிச்சுமை வராது. என் தயக்கம் வேறு. நாளை சேகரக் கமிட்டித் தேர்தலிலோ, கட்டட நிதிக் கணக்கிலோ அந்தச் சபையாருக்கு எதிராக நீங்கள் ஒரு முடிவு எடுக்க நேர்ந்தால், அந்தக் கட்டணம் உங்கள் இருவருக்கும் இடையே வந்து நிற்கும். நன்றி சொல்லி, கட்டட நிதிக்கோ ஏழைகள் நிதிக்கோ கொடுக்கும்படி அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் தாய்மாமாவும் ஓர் ஆயர். அவர் ஓய்வு பெற்ற அன்று குருமனையைக் காலி செய்ய நானும் போயிருந்தேன். முப்பது ஆண்டு ஊழியத்தின் உடைமைகள் ஒரு மினி லாரியில் முக்கால்வாசியைக்கூட நிரப்பவில்லை. அத்தை ஜன்னல் திரைகளைக் கம்பியோடு கழற்றி மடித்து வைத்தவர், கம்பிகள் சபைக் கணக்கில் வாங்கியவை என்று நினைவு வந்ததும், ஸ்டூல் மேல் ஏறி ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். அந்த லாரி ஒரு வாடகை வீட்டுக்குத்தான் போனது. 60 வயதுக்கு மேல் முதன்முதலாக வாடகை கொடுக்கத் தொடங்குவது எத்தனை கடினம் என்பதை அவர்கள் இருவரிடமும் கண்டவன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதற்காகக் கோவை ஃபிளாட்டை நாட வேண்டாம். ரூ.35 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில், ஓய்வுக்குள் முடிவதற்காக 12 ஆண்டுத் தவணையில் வாங்கினால், மாதத் தவணை சுமார் ரூ.38,850. உங்கள் கைக்கு வரும் சம்பளமே ரூ.38,000. மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, அதிலேயே மகளையும் படிக்கவைப்பது நடக்கிற காரியம் அன்று. முன்பணத்துக்காக எஃப்.டி.யை உடைப்பீர்கள், அந்த ரூ.6 லட்சம் மகளின் நான்காண்டு நர்சிங் படிப்புக்கு உரியது, அதைத் தொடாதீர்கள்.

நாசரேத் மனைதான் உங்களுக்கு வழி. ஆனால் அந்த 8 சென்ட்டும் உங்களுடையது என்ற நினைப்பில் நீங்கள் எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். இதில் மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. நீங்களும் தங்கையும் மட்டுமே பிள்ளைகள் என்றால், அம்மா, நீங்கள், தங்கை ஆகிய மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பாகம் 2.67 சென்ட், அதாவது சுமார் 1,160 சதுர அடி. அதில் 650 சதுர அடியில் ஓர் ஓய்வுக்கால வீடு தாராளமாகக் கட்டலாம். தங்கையின் மனம் நோகாமல் அளந்து பிரித்து, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உங்கள் பங்குக்குத் தனிப் பட்டா வாங்குங்கள். அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே இது முடிந்துவிட வேண்டும். பிறருடைய குடும்பப் பாகத்தகராறுகளில் மத்தியஸ்தம் செய்து பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சதுர அடிக்கு ரூ.2,200 என்று வைத்தால் அந்த வீட்டுக்கு இன்றைய விலையில் ரூ.14.3 லட்சம் ஆகும். ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றத்தில் 12 ஆண்டுகளில் அது ரூ.28.8 லட்சத்தைத் தொடும். இந்தப் பணம் எங்கிருந்து வரும்?

கதவைத் தட்டுகிறவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் ரூ.4,000 கோல்ஃபை விடப் பெரிய தொகை, ஆனால் அதைப் பற்றி உங்கள் மனம் உறுத்தவில்லை. மருந்துச் சீட்டோடு வந்து நிற்கிறவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் ஏழைக்கு உதவுவது முழுச் சபையின் கடமை. ஆயர் குடும்பம் மட்டும் தனியாகச் சுமக்க வேண்டியது அன்று. ஏழைகள் நிதி என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு, மாதம் ஒரு தொகையைப் பொருளாளர் கையால் வவுச்சரோடு கொடுக்கச் செய்யுங்கள். உங்கள் பங்காக ரூ.1,000 போதும். அதேபோல் சேகர வேலைக்கான பெட்ரோலையும் போனையும் மாதந்தோறும் பில் வைத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்; கேட்கக் கூசவேண்டிய பணம் இது அன்று. இந்த இரண்டிலும் ரூ.5,000, கோல்ஃபில் ரூ.1,000, ஆக ரூ.6,000 மிச்சமாகும்.

இதில் பாதியை மனைவியின் வருங்கால வைப்பு நிதியில் விருப்பச் சந்தாவாகச் சேர்க்கச் சொல்லி அவருடைய பள்ளியில் எழுதிக்கொடுக்கலாம். 2023-24, 2024-25 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் அதற்கு 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. பள்ளியில் பி.எஃப். பிடித்தம் இல்லையென்றால் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கைப் பயன்படுத்துங்கள். மறு பாதி, 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் முதலீடு செய்யும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாகப் போகட்டும், கடைசி மூன்று ஆண்டுகளில் அதைச் சிறிது சிறிதாக எஃப்.டி.க்கு மாற்றிவிட வேண்டும். சராசரியாக 9 சதவீதம் கிடைத்தால் சுமார் ரூ.15.5 லட்சம் சேரும். பாலிசிகளைச் சரண்டர் செய்யாதீர்கள்; இவ்வளவு காலம் கட்டிவிட்டு இப்போது நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். முதிர்வுத் தொகையில் ரூ.7 லட்சம் மகன் கல்லூரிக்கு, ரூ.8 லட்சம் வீட்டுக்கு. அதன்பின் பிரீமியம் கட்டத் தேவையில்லாத மாதம் ரூ.4,000-ஐயும் ஏழு ஆண்டுகள் அதே வழியில் சேர்த்தால் ரூ.4.6 லட்சம். மொத்தம் ரூ.28 லட்சத்தை ஒட்டி வந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பணியில் இருக்கும்போதே உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், உங்கள் மனைவி கணவரையும் வீட்டையும் சேர்த்தே இழப்பார். அடுத்த ஆயர் குடும்பத்துக்காகக் குருமனையை ஒப்படைத்தாக வேண்டும். ஆகவே நகைக்கடைச் சீட்டை இந்தச் சுற்றோடு முடித்துக்கொண்டு, அந்த ரூ.3,000-இல் உங்கள் பெயரில் ரூ.75 லட்சத்துக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் (காப்பீட்டுக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) எடுக்கப் பாருங்கள். அந்தத் தொகை 7 சதவீத வட்டியில் மாதம் ரூ.43,750 தரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள். பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை, மறைத்தால் இழப்பீடே மறுக்கப்படலாம். பிரீமியம் கைக்கு மீறினால் காப்பீட்டுத் தொகையை ரூ.60 லட்சமாகக் குறையுங்கள், எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸும் புத்தாண்டு ஆராதனையும் முடிந்தபின், ஜனவரியில் ஊருக்குப் போக உங்களுக்குச் சில நாள் கிடைக்கும் என்று நினைக்கிறேன். போகும்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், புதிதாக எடுத்த வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திர எழுத்தரிடம் போவதற்கு முன்னால் தங்கை வீட்டுக்குப் போய், அம்மாவின் முன்னிலையில் பேசுங்கள்.